58 முடிந்த பிறகு அப்பா வேலைக்குப் போகலாமா?

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பா மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 30 வருஷமாக ஃபிட்டர். அடுத்த மாதக் கடைசியோடு 58 முடிகிறது. இப்போதே ஒரு அப்பார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். “நானும் தம்பியும் சம்பாதிக்கிறோம், இனிமேலாவது நிம்மதியா இருங்கப்பா என்றால் கோபம் வருகிறது. சும்மா உட்கார்ந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்கிறார். நாங்கள் சொல்வது சரியா, அவர் சொல்வது சரியா?”

நான் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில், அதாவது ஆட்களின் வருகையைக் கணக்கு வைக்கிற இடத்தில், 34 வருஷம் இருந்தேன். ரிட்டயர் ஆகிறவர்களின் கடைசி நாள் பேப்பர் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். நானும் வெளியே வந்து 9 வருஷம் ஆகிறது. திருவொற்றியூரில் வீட்டுத் திண்ணையில் வாரத்தில் இரண்டு நாள் காலையில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்கு பிஎஃப், பென்ஷன் மனுக்களை எழுதிக் கொடுக்கிறேன். அதனால் உங்கள் அப்பா மாதிரி நிறைய பேரை உள்ளே இருக்கும்போதும் பார்த்திருக்கிறேன், வெளியே வந்து ஐந்து வருஷம் கழித்தும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பேரைப் பார்த்த பிறகு, வேலைக்குப் போகலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த வேலைக்கு ‘நாளைக்கு வரமாட்டேன்’ என்று சொல்ல முடியுமா? முட்டி வலிக்கிறது, பேத்திக்குப் பள்ளியில் விழா, மழை பெய்கிறது, மனசு சரியில்லை, எதுவாக இருந்தாலும் சரி. சொல்ல முடிகிற வேலை என்றால் தாராளமாகப் போகட்டும், 75 வயது வரைக்கும் போகட்டும். சொல்ல முடியாத வேலை என்றால் வீட்டில் அடுப்பெரிய அந்தக் காசு வேண்டும் என்கிற நிலையில் மட்டும்தான் அதைத் தொடலாம்.

ஆகவே முதலில் காசைப் பேசுவோம். வீடுகளில் இதைத்தான் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

பிஎஃப்போடு சேர்ந்து வருகிற தொழிற்சாலைப் பென்ஷன் எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீசுக்கு அதுவும் இல்லை, 6,500தான். அதை சர்வீஸ் ஆண்டால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 20 வருஷம் முடித்தவர்களுக்கு 2 வருஷம் கூடச் சேர்ப்பார்கள். 1995 நவம்பரில் இந்தத் திட்டம் தொடங்கியதில் இருந்து விடாமல் கட்டி வந்தவருக்கே மாதம் நாலாயிரத்துச் சொச்சம்தான் கையில் வரும். பக்கத்து வீட்டில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ இருந்து ரிட்டயர் ஆனவர் வாங்குகிற பென்ஷனை மனதில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் “நிம்மதியா இருங்க” என்று சொல்லிவிடக் கூடாது. அவருக்கு இந்தக் கணக்கு தெரியும். ‘சும்மா உட்கார முடியாது’ என்று ஒருவர் சொல்லும்போது, பல வீடுகளில் அதன் உள்ளே இருப்பது ‘உங்களிடம் கை நீட்ட முடியாது’ என்பதுதான். என் திண்ணைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் பிள்ளைகளிடம் சொல்லாத இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் அவர் பெயரில் மாதாமாதம் ஒரு தொகை வருவதற்கு வழி செய்யுங்கள். பிஎஃப், கிராஜுவிட்டி வந்ததும் மூன்று மாதத்துக்குள் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 ஆக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், பணி ஓய்வுப் பணம் என்றால் 55க்கு மேலேயே வாங்கிக்கொள்வார்கள். 2023 ஏப்ரலில் இருந்து 8.2 சதவீத வட்டி கொடுத்து வருகிறார்கள். புதிதாகப் போடுகிறவர்களுக்கு அரசு விகிதத்தை மாற்றலாம், ஆனால் போட்ட அன்றைக்கு என்ன வட்டியோ அதுவே 5 வருஷத்துக்கும் நிற்கும். 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். பென்ஷனோடு சேர்த்துப் பார்த்தால் மாதம் 11,000 பக்கம் அவருடைய கணக்கில் விழும். இதற்குப் பிறகும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் அது மெய்யாகவே வேலையின் மேல் உள்ள ஆசை. அப்போது தடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தப் பணத்தில் மாடி எடுக்காதீர்கள், தம்பியின் தொழிலுக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள். மாடி வீடு கட்டி, கீழே பத்துக்குப் பத்து அறையில் மாத்திரைக்குக் காசு கேட்டு நிற்கிற அப்பாக்கள் இந்தப் பகுதியில் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

அடுத்து செக்யூரிட்டி வேலை. இதை எல்லோரும் “உட்காருகிற வேலைதானே” என்கிறார்கள். என் மனைவியின் அண்ணன் ரிட்டயர் ஆன மூன்றாவது மாதம் ஒரு ஏஜென்சி மூலம் இதற்குப் போனார். ராத்திரி 8 மணியில் இருந்து காலை 8 மணி வரை. வாரம் ஒரு நாள் லீவு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், ஆனால் மாற்று ஆள் வந்தால்தான் லீவு. கேட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கழிப்பறை பேஸ்மென்ட்டின் அடுத்த மூலையில். போய்விட்டு வருவதற்குள் வண்டி வந்து ஹாரன் அடித்தால் திட்டு விழும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அவருக்கு ஏற்கனவே சர்க்கரை. ஏஜென்சி கொடுத்த ஷூ ஒரு அளவு சின்னது. சுண்டு விரல் ஓரத்தில் கொப்புளம் வந்திருக்கிறது. சர்க்கரை ரொம்ப நாளாக இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும், வலி தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் சாக்ஸைக் கழற்றும்போது தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அண்ணி பார்த்தார். விரல் கறுத்துப் போயிருந்தது. அந்த ஒரு விரலை எடுத்தார்கள். அவர் அந்த வேலையைப் பார்த்தது மொத்தம் 11 மாதம்.

எல்லோருக்கும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. செக்யூரிட்டி வேலையில் நல்லபடியாக இருக்கிறவர்களும் உண்டு. பகல் ஷிஃப்ட், எட்டு மணி நேரம், நடந்தே போகிற தூரம், அந்தத் தெருவில் முகம் தெரிந்த ஆட்கள் என்று அமைந்தால் பரவாயில்லை. ராத்திரி 12 மணி நேரம் மட்டும் வேண்டவே வேண்டாம். 30 வருஷம் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்த உடம்புக்கு இனிமேல் ராத்திரியில் தூக்கம் கொடுக்க வேண்டும். மாத்திரையால் அதை ஈடுகட்ட முடியாது.

சரி, சும்மா உட்கார்ந்தால் சீக்கிரம் போய்விடுவேன் என்று அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறதா? பாதி உண்மை. வேலையை விட்டவர்கள் சீக்கிரம் இறந்துபோகிறார்கள் என்று ஒரு பேச்சு ரொம்ப காலமாக உண்டு. டைம் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இதன் இன்னொரு பக்கம் தெரியும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களில் பலர் ஏற்கனவே இருதயமோ கிட்னியோ கெட்டு, முடியாமல்தான் போனார்கள். நோய் வந்ததால் வேலையை விட்டார்கள். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு வேலையை விட்டதால் நோய் வந்த மாதிரித் தெரியும். இதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பெரிய சிக்கல்.

உண்மையான பாதி எது என்றால், உடம்பு திடீரென்று நிற்பது. ஒரு ஃபிட்டர் ஒரு ஷிஃப்டில் நடக்கிற நடை, ஏறுகிற ஏணி, இழுக்கிற ஸ்பானர் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. ஆனால் தட்டில் விழுகிற சோறு அதே அளவு. ஆறாவது மாதம் ரத்தத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவைப் பார்த்தால் கூடியிருக்கலாம். தசையும் கரையும். ஆரோக்கியமாக இருக்கிற வயதானவர் 10 நாள் படுக்கையிலேயே கிடந்தால் காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விடுகிறது என்று பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 65க்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது நடை மாதிரி வேலை வேண்டும் என்கிறது. அதோடு விடாமல், வாரம் மூன்று நாள் காலுக்கு வலுவும் நிதானமும் தருகிற பயிற்சியும் சொல்கிறது. அந்த இரண்டாவதை நம் ஊரில் யாரும் செய்வதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து பத்து தடவை எழுந்து உட்காருவது, சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, இவ்வளவுதான். கீழே விழுந்து இடுப்பு உடைவதைத் தடுக்கிற விஷயம் இது. 65 வரைக்கும் காத்திருக்காமல் அப்பா இப்போதே தொடங்கலாம். அப்புறம், நடப்பதற்கு எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம், விடியற்காலையில் கண்டெய்னர் லாரிகள்தான் அங்கே ராஜா. உள்தெருவோ பார்க்கோ போதும்.

வேலையும் வேண்டும், ‘நாளைக்கு வரமாட்டேன்’ என்றும் சொல்ல வேண்டும். இது இரண்டும் ஒன்றாக அமைந்த மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். என் பள்ளித் தோழர் ஒருவர் அங்கே இருக்கிறார். கடலுக்குப் போவதை 60ல் நிறுத்தினார். “தொழிலுக்குப் போறதில்ல” என்று சொல்வார்களே தவிர ரிட்டயர்மென்ட் என்கிற சொல் அந்தத் தெருவில் புழங்குவதில்லை. துறைமுகச் சுவர் ஓரம் தார்ப்பாய் நிழலில் அவர் வலையோடு உட்கார்ந்திருப்பார். கிழிந்த ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துக்கொள்வார். வலைக் கண் எல்லாம் ஒரே அளவாக வர இடது கையில் ஒரு சின்னப் பலகைத் துண்டு, வலது கையில் நூல் சுற்றிய வலை ஊசி. ஊசி உள்ளே போய், சுற்றி, வெளியே வந்து, முடிச்சு இறுகுகிற வரைக்கும் அவர் வலையைப் பார்ப்பதே கிடையாது. என்னோடு பேசிக்கொண்டே, ஐஸ் பெட்டி இறக்குகிற பையனை அதட்டிக்கொண்டே விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். வலைப் பழுது அத்தனையும் அப்போதுதான் குவியும். அந்த இரண்டு மாதம் அவருக்கு நல்ல கூலி, நேரம் தவறாமல் வருவார். மற்ற மாதங்களில் இஷ்டப்பட்டால் வருவார். வராத நாளில் “பெருசு எங்கப்பா?” என்று தேடுவார்கள், ஆனால் சம்பளம் பிடிக்க மாட்டார்கள். அவரைத் தேடுகிற ஆள் இருக்கிறது, அவரைக் கட்டிப்போடுகிற ஆள் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு மனிதருக்கு வாய்க்கக் கூடிய மிக நல்ல ஏற்பாடு இது என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் அப்பாவிடமும் அப்படி ஒரு கைத்தொழில் இருக்கிறது. 30 வருஷ ஃபிட்டர் என்றால் சாதாரணமா? வியாசர்பாடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், மாதவரம், திருவொற்றியூர் பக்கமெல்லாம் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஐடிஐ முடித்த பையன்கள் இருப்பார்கள், ஆனால் ஒரு பம்பைக் கழற்றி அலைன்மென்ட் பார்க்க, பேரிங் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்ல ஆள் இருக்காது. வாரம் மூன்று நாள், காலை பத்தில் இருந்து ஒன்று வரை வருகிறேன் என்று கேட்டால் பட்டறைக்காரர்கள் சந்தோஷமாக வைத்துக்கொள்வார்கள். செக்யூரிட்டிச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் அங்கே அவர் ‘மாஸ்டர்’. கேட்டில் சல்யூட் அடிக்கிற ஆளாக இருக்க மாட்டார். ஒரு எச்சரிக்கை மட்டும்: வெயிட் தூக்குகிற வேலை கூடாது, காது மந்தமாகியிருந்தால் ஓடுகிற மெஷின் பக்கத்தில் தனியாக நிற்கக் கூடாது. எதற்கும் முன்பு ஒரு தடவை முழு உடம்பையும் பரிசோதித்துவிடுங்கள். முதியோர் மருத்துவம் என்று தனிப் பிரிவை சென்னைப் பொது மருத்துவமனையில் 1978லேயே தொடங்கிவிட்டார்கள், கிண்டியில் 2024ல் முதியோருக்கென்றே ஒரு தேசிய மையமும் திறந்திருக்கிறார்கள். நமக்கு அதெல்லாம் இருப்பதே தெரிவதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் கேள்வியில் அம்மா எங்கேயும் வரவில்லையே?

அதிகாலை ஏ ஷிஃப்ட் வாரமெல்லாம் 4 மணிக்கு எழுந்து டப்பா கட்டியவர் அவர். அப்பா வீட்டில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு வேலை குறையாது, கூடும். 11 மணிக்கு ஒரு டீ, மதியம் சூடாகச் சாப்பாடு, சாயங்காலம் வந்து போகிறவர்களுக்கு இன்னொரு தடவை டீ. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி தினமும் மதியம் 3 மணிக்கு வாசல்படியில் எதிர் வீட்டு அம்மாவோடும் பக்கத்து வீட்டு மருமகளோடும் ஒரு மணி நேரம் உட்காருவாள். பூ கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், பேச்சு. அவளுடைய ஒரு நாளில் அது ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த நேரம். நான் ரிட்டயர் ஆகி நாலு மாதம் கழித்துத்தான் அந்தப் படி காலியாகக் கிடப்பதைக் கவனித்தேன். கேட்டதற்கு, “நீங்க உள்ள படுத்திருக்கீங்க, சத்தம் போட வேணாம்னு அவங்களே வர்றதில்ல” என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் என்னைத் தைத்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பதில்லை. நூலகம், சங்க ஆபீஸ், மழை என்றால் தோழர் வீடு. ஒரு வாரத்தில் அவர்கள் மறுபடியும் படிக்கு வந்துவிட்டார்கள்.

ஆகவே அப்பா வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை நீங்களும் தம்பியும் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அம்மாவையும் கேளுங்கள். பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் நான் முதலில் சொன்ன அதே அளவுகோல்தான். ஆசையாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ‘இன்னைக்கு எனக்கு முடியல’ என்று அவர்கள் உங்களிடம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

அனுபவிப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதையும் நான் லேசாக விடமாட்டேன். அது சோம்பேறித்தனம் என்று தொழிலாளி வீட்டில் பிறந்த நமக்கெல்லாம் ஒரு எண்ணம். திருவொற்றியூர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்கக் கவசத்தோடுதான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதைக் களைவார்கள். பத்து நிமிஷ நடையில் 40 வருஷம் குடியிருந்தும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் ஷிஃப்ட், ஓவர்டைம், ஸ்டாக் கணக்கு என்று ஏதாவது ஒன்று. வெளியே வந்த வருஷம் மனைவியோடு வரிசையில் நின்றேன். தெரு வரைக்கும் நீண்ட வரிசை. எனக்கு நாலு ஆள் முன்னால் எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டிய பழைய ஆள் நின்றிருந்தார், அவருக்கும் அதுதான் முதல் தடவை. உள்ளே போகப் போக சாம்பிராணித் தைல வாசனை. ஒரு நிமிஷம்கூட நிற்க விடவில்லை. வெளியே வந்து மூவரும் கடலைப் பார்த்து நடந்து, பட்டினத்தார் கோயில் பக்கம் உட்கார்ந்தோம். மணி என்ன என்று யாருமே பார்க்கவில்லை. டைம் ஆபீஸில் இருந்தவன் சொல்கிறேன், 34 வருஷத்தில் அப்படி ஒரு சாயங்காலம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த மாதிரிச் சாயங்காலங்களையும் அப்பாவுக்குக் கொடுங்கள். 60 ஆனதும் மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் வரும், அதை அம்மாவுக்கும் சேர்த்து வாங்குங்கள். கேரம் விளையாடுகிறவர் என்றால் நம் பக்கம் ஆட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

நாளைக்கே செக்யூரிட்டி வேலை வேண்டாம் என்று வாதம் பண்ணாதீர்கள். கடைசி நாள் முடிந்ததும் மூன்று மாதம் எந்த வேலையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள். அதற்குள் பணம் வந்து சேரும், எவ்வளவு தேவை என்று அவருக்கே தெரியும், வீட்டில் எந்த நேரத்தில் இருக்க முடியவில்லை என்பதும் தெரிந்துவிடும். அவசரம் இல்லையென்றால் பென்ஷனை 58ல் வாங்காமல் 60 வரைக்கும் தள்ளலாம், வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும்.

இந்த ஒரு மாதத்தில் முடிக்க வேண்டியவை சில உண்டு. பிஎஃப் கணக்கிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியதற்காகவே மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு நான் மனு எழுதியிருக்கிறேன். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்குச் சம்பளத்தில் கடைசி வரை பிடித்திருந்து, 5 வருஷத்துக்குக் குறையாமல் கட்டியிருந்தால், ஓய்வுக்குப் பிறகு வருஷம் 120 ரூபாய் கட்டி அப்பா, அம்மா இருவருக்கும் மருத்துவத்தைத் தொடரலாம், அயனாவரம் ஆஸ்பத்திரிக்கே போகலாம். அதற்குத் தொழிற்சாலையில் இருந்து சான்று வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களாக இருக்கும்போதே, கடைசி நாளுக்கு முன்பே, இதையெல்லாம் வாங்கிவிடச் சொல்லுங்கள்.